முள்ளுக்காடாய்க் கிடக்கும் கொல்லையைத் திருத்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, எங்கள் அப்பாவழி நிலம் 60 சென்ட் இருக்கிறது. பதினெட்டு வருடம் யாரும் கால் வைக்காமல் சீமைக்கருவை, அதாவது சீமைக்கருவேல முள், அடைத்துக் கிடந்தது. ஏழு வருடமாக அதைத் திருத்தி வருகிறேன். இப்போது 40 சென்டில் கடலை, முருங்கை, காய்கறி, சப்போட்டா என்று ஏதாவது நிற்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இதே நிலையில் நிலம் வைத்திருப்பவர்கள் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் போனிலும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். இதெல்லாம் கடலோர மணல் நிலத்துக்கு. கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலுக்குப் பல விஷயங்களில் கணக்கே வேறு.

எனக்கு விவசாயமே தெரியாது. எடத்தப் பாத்தாலே மலைப்பா இருக்கு. எங்கேர்ந்து தொடங்குறது?

பத்து சென்டிலிருந்து. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்படியானால் பத்து சென்ட் 4,356 சதுர அடி. கிணறு இருந்தால் அதை ஒட்டியும், இல்லையென்றால் பாதையை ஒட்டியும் அந்தப் பத்து சென்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற ஒரு ஆளால் அவ்வளவுதான் பார்க்க முடியும். வெட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வெட்டிய இடத்தில் திரும்ப முளைப்பதைப் பிடுங்குகிற வேலைதான் வருடக்கணக்கில் நீளும். அதனால் நட்டுத் தண்ணீர் ஊற்ற முடிகிற அளவுக்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற மற்ற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அரிவாள் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் சும்மா சுற்றிப் பாருங்கள். நிற்கிற செடிகளே மண்ணைப் பற்றிச் சொல்லும். கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு நிற்கிற இடத்தில் தண்ணீர் வடியும், பயிர் வரும். கோரை நின்றால் மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடம். உமரி சிவந்து படர்ந்திருந்தால் அங்கே உப்பு ஏறியிருக்கிறது, அந்த மூலையைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.

பத்திரம் தாத்தா பேர்ல இருக்கு. அப்படியே வெட்ட ஆரம்பிச்சிறலாமா?

வேண்டாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கூட்டுப்பட்டாவா என்று முதலில் பாருங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் இப்போது இணையத்திலேயே எடுக்கலாம், தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிடுங்கள். சித்தப்பா, அத்தை மக்கள் என்று பங்காளிகள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காடாகக் கிடக்கிறவரை யாருக்கும் நினைப்பு வராத நிலம், சுத்தமானதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

எல்லைக்கல் முள்ளுக்குள் புதைந்துதான் கிடக்கும். பணம் கட்டி சர்வேயரை அழைத்து அளந்த பிறகே எல்லை ஓரத்து மரங்களில் கை வையுங்கள். பக்கத்தில் ஓடை, கண்மாய், வண்டிப்பாதை என்று புறம்போக்கு இருந்தால் அதில் நிற்கிற சீமைக்கருவைகூட உங்களுடையது அல்ல. அதை ஏலம் விடும் உரிமை அரசுக்கு உண்டு.

எது சீமைக்கருவை, எது நாட்டுக்கருவை? எனக்கு எல்லாம் முள்ளாத்தான் தெரியுது.

பூவையும் காயையும் பாருங்கள். நாட்டுக்கருவேலம் மஞ்சள் நிறத்தில் உருண்டையாகப் பூக்கும். காய் வெளுத்து, மணி கோத்த மாலை மாதிரி ஒவ்வொரு விதைக்கும் இடையில் இடுங்கியிருக்கும். சீமைக்கருவைக்குப் பூ விரல் நீளத்துக்குக் கதிராக, இளமஞ்சளாகத் தொங்கும். காய் தட்டையாக, பழுத்ததும் வைக்கோல் நிறமாக, கடித்தால் இனிப்பாக இருக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு: உடைமரம். குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும், வெள்ளை முள், சுருண்ட காய். நம் தென்பகுதி வறண்ட நிலத்துக்கு உரிய மரம். முள் மரம் என்று பார்த்தவுடன் வெட்டுகிறவர்கள் முதலில் இதைத்தான் வெட்டுகிறார்கள், நெஞ்சு பொறுக்கவில்லை. வெட்டுவதற்கு முன் உடை, வேம்பு, வன்னி, பனை எல்லாவற்றுக்கும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வேலையாளிடம் வாயால் சொன்னால் போதாது.

பனைய வெட்டிட்டா எடம் தாராளமாயிரும்ல?

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. சட்டத்தை விடுங்கள், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. பனை நிழல் மெல்லியது, அடியில் கடலை வரும். ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து மணலை வாரி இறைக்கிறபோதும், ஐப்பசிக்கு மேல் வாடை உப்புச் சாரலோடு வீசுகிறபோதும் வரிசையாக நிற்கிற பனைதான் நாற்றைக் காப்பாற்றுகிறது. ஓலை மூடாக்குக்கும் வேலிக்கும் ஆகும். கொட்டையைப் புதைத்து வைத்தால் தை மாதம் கிழங்கு.

இதே காரணத்துக்காக, கடல் பக்கத்து ஓரத்தில் இருக்கிற சீமைக்கருவையையும் முதல் இரண்டு வருடம் ஒரு பத்தடி அகலத்துக்கு விட்டு வைக்கச் சொல்கிறேன். அதன் உள்பக்கம் பூவரசு, புன்னை, கிளுவை வைத்து, அவை தலை தூக்கிய பிறகு கருவையை எடுங்கள். ஒரே நாளில் நாலு பக்கமும் திறந்துவிட்ட கொல்லையில் எந்த நாற்றும் நிற்காது.

எந்த மாசத்துல வெட்டணும்?

தை, மாசி. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி முடிகிறபோது மண் உள்ளே ஈரமாக, மேலே காலுக்குப் பிடிப்பாக இருக்கும், தூர், அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, தோண்ட அதுதான் தோது. கோடையில் சீமைக்கருவைக் காய் பழுத்து உதிர ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் மரத்தை இறக்கிவிட்டால் அந்த வருடத்து விதை மண்ணில் விழாது.

தையில் வெட்டு, மாசி பங்குனியில் தூர், கோடை முழுவதும் துளிரை ஒடிப்பது, புரட்டாசியில் உழுது விதைப்பு. இந்த வரிசையில் போனால் ஒரு மழையும் வீணாகாது.

கையால வெட்டுறதா, ஜேசிபி விடுறதா அண்ணே? ஜேசிபின்னா ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல?

முடிந்துவிடும். நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். காலையில் வந்த வண்டி சாயங்காலம் 60 சென்டையும் வெட்டவெளி ஆக்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார்த்திகை மழை பெய்து பத்தாவது நாள் போய்ப் பார்த்தால் நிலம் பச்சைப் பாய் விரித்தது போல இருந்தது, அத்தனையும் கருவைக் கன்று. மண்ணுக்குள் கிடந்த விதையையெல்லாம் வண்டி கிளறி மேலே கொண்டுவந்திருந்தது. பதினெட்டு வருடம் இலை உதிர்ந்து கறுத்திருந்த மேல்மண் அரை அடியையும் முள்ளோடு சேர்த்து வடக்கு மூலையில் தள்ளியிருந்தார்கள். எனக்கு மிஞ்சியது வெறும் வெள்ளை மணல்.

வண்டி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தொடைக்கு மேல் பருமனுள்ள தூரைக் கடப்பாரையால் எடுக்க இரண்டு ஆள் அரை நாள் ஆகும். மேல்மரத்தை ஆள் வைத்து வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, பெரிய தூர்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டு, அந்தத் தூர்களை மட்டும் வண்டியால் பறிக்கச் சொல்லுங்கள். தரையைச் சுரண்டக் கூடாது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசி, வேலை முடிகிறவரை கூடவே நில்லுங்கள்.

வெட்டுன எடத்துலயே திரும்பத் திரும்பத் துளுக்குதே, என்னதான் பண்றது?

தரைமட்டத்தில் வெட்டியிருப்பீர்கள். ஒரு தூரை ஒருமுறை முழுசாகத் தோண்டிப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. மணலை மம்பட்டியால் சுற்றி விலக்கிக்கொண்டே போனால், தரைக்குக் கீழே நாலு விரலில் தண்டு திடீரென்று பருத்து முண்டு முண்டாக இருக்கும். அந்த முண்டுகளில் அரிசி அளவுக்குச் சிவந்த மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். துளிர் எல்லாம் அங்கிருந்துதான். இன்னும் கீழே போனால் முண்டு நின்றுபோய், பட்டை வழவழப்பாகி, வேர் பல பக்கமாகப் பிரிய ஆரம்பிக்கும். முண்டு முடிந்து வழவழப்பு தொடங்குகிற இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. எங்கள் மண்ணில் அது முக்கால் அடியிலிருந்து ஒரு அடி ஆழம். அடியில் இருக்கிற ஆணிவேர் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, அது அப்படியே மக்கட்டும்.

தோண்ட முடியாத தூர் என்றால் துளிரை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை, கை நீளம் வளர்வதற்குள். இலை வைத்துச் சாப்பாடு தயாரிக்க விடாவிட்டால் வேரில் சேர்த்து வைத்தது தீர்ந்து, ஒன்றரை இரண்டு வருடத்தில் அடங்கும். ஒரு மாதம் மறந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தூர்ல டீசல் ஊத்துறது, தீ வைக்கிறது, மருந்து அடிக்கிறது... ஏதாவது சுருக்கு வழி?

தீ வைத்தால் மேலே கருகும், மண்ணுக்குள் இருக்கிற மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. பனையோலை காய்ந்து கிடக்கிற காலத்தில் காற்றும் சேர்ந்தால் பக்கத்துத் தோப்பு வரை போய்விடும். டீசல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தண்ணீர் பதினைந்து அடியில் கிடக்கிறது, இடையில் இருப்பது வெறும் மணல். ஊற்றுவது எதுவாக இருந்தாலும் கிணற்றுக்குத்தான் வரும். ஒருவர் கடல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். சீமைக்கருவை உப்பைத் தாங்குகிற மரம். அது பிழைத்துக்கொள்ளும், மண்தான் கெடும்.

களைக்கொல்லியில் பலரும் கேட்பது கிளைஃபோசேட். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே தெளிக்கலாம் என்று உத்தரவு போட்டது. பத்து சென்டுக்கு அந்த வழிக்கே போக வேண்டாம். மேலே சொன்ன ஒரு அடித் தோண்டல்தான் சுருக்கு வழி.

கரிமூட்டக்காரங்களுக்கு விட்டா அவங்களே வெட்டிட்டுப் பணமும் தருவாங்களாமே?

உண்மைதான். நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கரிமூட்டம்தான் சோறு. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். மரம் அடர்த்தியாக, கைப்பருமனுக்கு மேல் இருந்தால் வெட்டுக்கூலி இல்லாமல் காடு குறையும், கையில் ஏதோ பணமும் வரும்.

ஆனால் அவர்களுக்கு வேண்டியது மறுபடியும் துளிர்க்கிற மரம், உங்களுக்கு வேண்டியது துளிர்க்காத நிலம். அவர்கள் தரைக்கு மேல் ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவார்கள், மூன்று நாலு வருடத்தில் அடுத்த வெட்டுக்கு வரலாம் என்ற கணக்கு. "தூரோடு எடுத்தால் இந்த விலை, தூரை விட்டால் அந்த விலை" என்று முதலிலேயே பிரித்துப் பேசுங்கள். தூரும் நல்ல கனமான விறகுதான், எடுக்கச் சம்மதிப்பவர்கள் உண்டு. சிறு முள்ளை எங்கே போடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். மூட்டத்தைப் பிரித்த இடத்தில் கிடக்கிற கரித்தூளைச் சாக்கில் அள்ளி வைத்து, தொழு உரத்தோடு கலந்து மணலில் போட்டால் ஈரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

பாம்பு இருக்குமோன்னு பயமா இருக்கு.

இருக்கும். நம் பக்கத்து முள்ளுக்காட்டில் சுருட்டைவிரியன் சாதாரணம். ஒரு முழம்தான் இருக்கும், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கோபம் வந்தால் செதிலை உரசிச் 'சர்ர்' என்று சத்தம் கொடுக்கும். வெட்டிப்போட்ட முள் குவியலை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், அது குடியேறும் இடம். குவியலைக் கையால் அள்ளாமல் கவைக்கம்பால் இழுங்கள். விடியலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் வேலை வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், அரைஞாண் இருந்தால் கழற்றி, கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

முள்ளு குத்துனா சீழ் பிடிக்குதே?

ரப்பர் செருப்பை அந்த முள் வெண்ணெய் மாதிரி துளைத்துவிடும். கனமான பூட்ஸ் இல்லையென்றால் டயர் செருப்பு. முழுக்கை சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. தொடங்குவதற்கு முன்பே டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முள் நுனி உள்ளே முறிந்து மூட்டுப் பக்கம் வீங்கினால் வீட்டில் ஊக்கு வைத்துக் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சீமைக்கருவ காத்துல இருக்குற ஈரத்தையே உறிஞ்சிருமாம், அதனாலதான் மழை இல்லையாம். நெசமா?

போனில் சுற்றுகிற செய்தி அது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுப்பதாக எந்தச் சான்றும் இல்லை. தென்னமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம், விறகுக்காக இங்கே கொண்டுவந்து விதைத்தார்கள். ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுப்பதும், தன் அடியில் மற்றச் செடிகளைத் தழைக்கவிடாமல் செய்வதும் உண்மை. இலைச் சாறு மற்ற விதைகளின் முளைப்பைக் குறைக்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அது பயறு இனத்து மரம், தழைச்சத்தைச் சேர்க்கிறது. பழைய மரத்தடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள், சுற்றியுள்ள மணலைவிடக் கறுத்து, விரலில் ஒட்டும். இரண்டு மழை அதன்மேல் பெய்து கழுவிவிட்டால் காய்கறி நன்றாக வரும் இடம் அதுதான். நான் ஜேசிபியால் தள்ளித் தொலைத்தது அந்த மண்ணைத்தான்.

தண்ணிக்கு போர் போட்டுறலாமா? ஆழமாப் போனா நல்ல தண்ணி வருமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மன்றாடுகிறேன். கடலோரத்தில் ஆழமாகப் போகப் போக உப்புதான். மணலில் இறங்குகிற மழைத் தண்ணீர், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைவு. அதனால் அதன்மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு திரும்பவும் வேலை செய்யும். மேலே ஒரு அடி இறைத்துத் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். ஆழ்துளை போட்டு மோட்டாரை நாள் முழுக்க ஓட்டிய தோப்புகளில் தென்னை மட்டை தொங்குவதன் காரணம் இதுதான்.

பதினைந்து இருபது அடியில் உறைக்கிணறு போதும். சின்ன மோட்டார், காலையில் அரை மணி, ஊற விட்டு மாலையில் அரை மணி. பத்து சென்டுக்கு அது தாராளம். பங்குனியில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண், dS/m கணக்கில்) 0.75-க்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லாப் பயிருக்கும் ஆகும், 2.25-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்குகிற பயிர் தவிர எதற்கும் ஊற்றாதீர்கள். மழைக் காலத்தில் கொல்லைத் தண்ணீரை வெளியே ஓடவிடாமல் வரப்புக் கட்டி உள்ளேயே இறக்குவதுதான் அடுத்த கோடைக்கான சேமிப்பு.

மண் பரிசோதனை அவசியமா? எல்லாரும் ஜிப்சம் போடச் சொல்றாங்க.

அவசியம், அதுவும் ஜிப்சம் வாங்குவதற்கு முன்னால். களர் வேறு, உவர் வேறு. சோடியம் ஏறி, கார அமிலநிலை 8.5-க்கு மேல் போய், மழைக்குச் சேறாகி வெயிலில் இறுகிப்போகிற களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். உப்பு மட்டும் ஏறிய உவர் நிலத்துக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும். நம் மணலில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு நல்ல ஐப்பசி மழை செய்கிற வேலையை எந்த மூட்டையும் செய்யாது.

மரத்தடி, எருக்குழிப் பக்கம் தவிர்த்துப் பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொடுங்கள். அரசு மண் பரிசோதனை நிலையம் உண்டு. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது, நம் பிரச்சினைக்கென்றே ஏற்பட்ட இடம்.

ஆட்டுக்கிடை போட்டா மண்ணு தேறும்னு பெரியவுங்க சொல்றாங்களே?

தேறும். மந்தையை ராத்திரி நிலத்திலேயே அடைத்து உரமேற்றுகிற கிடையைப்போல மணலுக்கு ஒன்று கிடையாது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஆடு கருவைக்காயை விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, மேல்தோல் இளகியதால் இன்னும் நன்றாக முளைக்கும். ஊரெல்லாம் கருவை பரவியதே ஆடு மாட்டின் வயிற்று வழியாகத்தான். கோடையில் காய் தின்ற மந்தையைக் கிடை வைத்தால் நீங்களே காசு கொடுத்து விதைத்த மாதிரி. மழைக்குப் பிறகு, புல் மேய்ந்து வருகிற மந்தையை மாசி வாக்கில் கூப்பிட்டு வையுங்கள். மந்தையை நடத்தி வருகிற கீதாரியிடம் கேட்டால் எங்கே மேய்த்தார் என்று சொல்லிவிடுவார். வெளியில் வாங்கும் சாணத்தையும் ஆறு மாதம் குழியில் மக்கவைக்காமல் போடாதீர்கள்.

மொத வருசம் என்ன போடலாம்?

புரட்டாசியில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு அல்லது கொழிஞ்சி விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுங்கள். தக்கைப்பூண்டு என்றால் நாற்பது நாற்பத்தைந்து நாள். கண்ணுக்கு விளைச்சல் தெரியாத வருடம் என்று மனசு சோர்ந்துவிடும், அதனால் ஒரு ஓரமாகத் தட்டைப்பயறு, சீனிஅவரை, பூசணி, வெள்ளரி நாலு குழி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் நிலக்கடலை. கடலை பிடுங்குகிறபோதே மிஞ்சிய கருவைக் கன்றும் வந்துவிடும், அதற்காகவே எனக்குக் கடலை பிடிக்கும். மரத்தில் முருங்கை, சப்போட்டா, தென்னை, இலந்தை. தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் வெங்காயம், கேரட், பீன்ஸ் வேண்டாம், அவை முதலில் கருகும்.

மணலில் ஒரேயடியாகப் பாய்ச்சினால் தண்ணீர் கீழே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பழக்கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி வைத்தால் இரண்டு மூன்று நாள் கவலையில்லை. வாய் மூட ஒரு சிரட்டை.

நம்ம ஊரு முண்டு மிளகாக்குத்தான் புவிசார் குறியீடு வந்திருச்சே, அதையே போடலாமா?

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அது உள்ளே இருக்கிற களிமண், கரிசல் நிலத்து மானாவாரிப் பயிர். அந்த மண் மார்கழி வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், நம் மணல் ஒரு வாரம் வைக்காது. வீட்டுத் தேவைக்குப் பத்துச் செடி, மேலே சொன்ன கறுத்த மரத்தடி மண்ணில் வையுங்கள். அதை நம்பி 50 சென்டைத் திறக்காதீர்கள்.

மயிலு ஒரு மொளைய விட மாட்டேங்குது. மருந்து வைக்கலாமா?

கூடவே கூடாது. மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, சிறைத் தண்டனை உண்டு. வேலிக்கு நேரடி மின்சாரம் கொடுப்பதும் குற்றம், மனித உயிரும் போயிருக்கிறது. முளைக்கிற இருபது நாளுக்குப் பாத்திமேல் பழைய மீன்வலையை ஒரு முழ உயரத்தில் கட்டுங்கள். கடற்கரை ஊரில் கிழிந்த வலைக்கா பஞ்சம். வேலையை முடித்ததும் வலையைச் சுருட்டிவிடுங்கள், பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும்.

நான் சபர்ல (வெளிநாட்டு வேலைல) இருக்கேன். வாப்பா வச்ச தோட்டம், ஆள் வச்சு சுத்தம் பண்ணிக்கலாமா?

வெட்ட ஆள் வைக்கலாம். பத்து நாளுக்கு ஒருமுறை துளிரை ஒடிக்க ஆள் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம். வெட்டாத கருவை ஒற்றைத் தண்டாக நிற்கும், வெட்டி விட்ட கருவை ஏழு தண்டாகப் புதராகும். விடுப்பில் வந்து ஒரு மாதத்தில் மொத்தத்தையும் வெட்டிவிட்டுப் போய், அடுத்த முறை வரும்போது உள்ளே நுழையவே முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குப் பாதி நிலத்தை மூன்று வருடம் விளைச்சலில் பங்கு (வாரம்) கேட்காமல் பயிர் செய்யக் கொடுங்கள், அவர் மறு பாதியின் துளிரைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு நெலமே இல்ல. அடுத்தவங்க தரிசக் குத்தகைக்கு எடுத்துத் திருத்தலாமா?

எடுக்கலாம், ஐந்து வருடத்துக்குக் குறையாமல் எழுதினால். முதல் இரண்டு வருடம் செலவுதான். மூன்றாவது வருடம் நிலம் தெளிந்ததும் "மகன் வர்றான், விட்டுருங்க" என்பார்கள். தூர் எடுத்த செலவை எழுதி வைத்து, இடையில் நிறுத்தினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். விறகுப் பணம் யாருக்கு என்பதும் அதில் வர வேண்டும்.

எங்க எடம் கடலுக்கு ரொம்பப் பக்கம். மணல்மேட்டச் சமப்படுத்திட்டா நல்லா இருக்கும்ல?

தொடாதீர்கள். அலை ஏறுகிற உயர்ந்த கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், மணல்மேடு அதில் கடுமையான பாதுகாப்பில் இருக்கிறது. அந்த மேட்டில் இறங்குகிற மழைதான் உங்கள் கிணற்றில் மிதக்கிற நல்ல தண்ணீர். மேலே படர்ந்திருக்கிற அடம்பங்கொடியும் இராவணன்மீசையும் களை அல்ல, மணலைக் கட்டிப்போட்டிருக்கிற கயிறு. தாழை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சுத்தியும் அடுத்தவுங்க கருவக்காடு. நான் மட்டும் வெட்டி என்ன பிரயோசனம்?

விதை காற்றில் பறந்து வருவதில்லை, ஆடு மாடு வழியாகவும் மழைத் தண்ணீர் வழியாகவும்தான் வருகிறது. எனவே வேலி உறுதியாக இருந்து, மேட்டுப் பக்கம் ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வைத்தால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பக்கத்து நிலக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. தரிசு நிலங்களைத் தொகுப்பாகத் திருத்த, 2022-ல் தொடங்கிய அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் போன்றவை வழியாக உதவி கிடைக்குமா என்று உங்கள் ஊர் உதவி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

ஏழு வருடத்துக்குப் பிறகும் முதல் மழைக்கு என் கொல்லையில் கன்று வருகிறது. முதல் கார்த்திகையில் எண்ண முடியவில்லை, போன வருடம் 40 சென்டுக்கும் சேர்த்து ஒரு பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அந்த ஈரத்தில் விரல் உயரக் கன்று வேரோடு வரும், பத்து நாள் கழித்துப் போனால் கடப்பாரை வேண்டும்.